வாடகை கேட்காத பணம்

அய்யா,

நீ மின்னஞ்சலில் அனுப்பிய திட்டத்தை பஜாரில் உள்ள பிரவுசிங் சென்டரில் கொடுத்து அச்செடுத்து வந்தேன். ஒரு வாரமாகக் கையில் பென்சிலோடு அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தீபாவளி முடிந்து கம்பெனிக்கு விடுமுறை. வெளியே கார்த்திகை மழை, வீட்டுக்குள்ளே உன் அப்பா. சீசனில் ஆளைக் கண்ணால் பார்க்க முடியாது; விடுமுறையில் ஆளை விட்டு நகர முடியாது. "இன்னுமா படிக்கிற? அவன் கல்யாணத்துக்குள்ளயாச்சும் முடிச்சிருவியா?" என்று அரை மணிக்கொரு தரம் எட்டிப் பார்க்கிறார். நீயும் போன் செய்யும்போதெல்லாம் அதையேதான் கேட்கிறாய். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் பேசுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. கடைசி வரை நான்தான் பேசுவேன்.

நீ கேட்பது இன்னதென்று முதலில் எனக்கு நானே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி விலைக்கு வருகிறது. நாரணாபுரத்தில் இருக்கும் நம் கம்பெனியோடு அதையும் சேர்த்து நடத்தலாம் என்கிறாய். தை மாதம் கல்யாணம் முடிந்ததும் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டையும் நீயே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாய். வாங்குவதற்கு வங்கிக் கடன். கடனுக்கு ஈடு, என் பெயரில் இருக்கும் இந்த விருதுநகர் வீடு. அதற்காகத்தான் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே என் பெயரைத் தட்டச்சு செய்து, மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறாய். மற்ற பக்கங்களை நான் புரட்ட மாட்டேன், நேராக அந்தக் கட்டத்துக்குப் போய்விடுவேன் என்று நினைத்தாயோ என்னவோ. உன் அம்மா பி.காம். படித்தவள் என்பதை நீ அடிக்கடி மறந்துபோகிறாய்.

இந்தத் தீபாவளிக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் நீ லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. நம் கம்பெனியில் போட்டிருக்கும் பணம் நூற்றுக்குப் பதினொன்று சம்பாதிக்கிறது, ஆனால் அந்தப் பணத்தின் செலவு பதினைந்து, ஆகவே இத்தனை வருடமும் கம்பெனி லாபம் காட்டியதே தவிர மதிப்பைக் கூட்டவில்லை, கரைத்திருக்கிறது என்றாய். கரைத்திருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் உன் அப்பா கையில் எடுத்த காராச்சேவைத் திரும்பத் தட்டில் போட்டார். "ஏலே, இருவது வருசமா நான் நட்டத்துலயா கம்பெனி நடத்துனேன்? வருசா வருசம் வரி கட்டியிருக்கேன். நட்டப்பட்டவன்கிட்ட கவர்மெண்டு வரி வாங்குமாலே?" என்றார். நீ சிரிக்காமல், "நட்டம்னு சொல்லலப்பா, லாபந்தான். அதே பணம் வேற எடத்துல இருந்திருந்தா இதவிடக் கூடச் சம்பாதிச்சிருக்கும்" என்றாய். "வேற எடத்துல இருந்திருந்தா! அப்படிப் பாத்தா பொண்ணுகூட வேற எடத்துல கட்டியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு நீ ஊருக்குக் கிளம்பும் வரை உன்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நீ பஸ் ஏறும்போது முகம் தொங்கிப் போயிருந்தது. எனக்கு இரண்டு பேர் மேலும் பரிதாபமாக இருந்தது.

நீ சொன்னது சரி. அதை உன் அப்பா உன்னிடம் சொல்ல மாட்டார், ஆகையால் நான் சொல்கிறேன். நீ போன மறுநாளே, பேப்பர் படிக்கிற பாவனையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவன் சொன்னது நெசமா?" என்று கேட்டார். நான் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "உங்க கூட்டாளி ஒருத்தர் கம்பெனி ஆரம்பிக்காரு. பணம் போடச் சொல்லுதாரு. தீ பிடிச்சாலும் போச்சு, மழை பேஞ்சாலும் போச்சு. மத்த எல்லாருக்கும் குடுத்தது போக மிச்சம் இருந்தா உங்களுக்கு. எம்புட்டுக் கேப்பீக?" என்றேன். "பதினெட்டுக்குக் கொறஞ்சு குடுக்க நான் என்ன கேனையனா?" என்றார். "அப்ப உங்க கம்பெனிக்கு மட்டும் ஏன் கொறச்சுக் குடுத்தீக?" என்று கேட்டேன். பேப்பரை நாலாக மடித்தார். "அது என் கம்பெனியாச்சே" என்றார். கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது, ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை.

நம் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒன்றாம் தேதி ஆனால் மாடிக்காரர் வாடகை கொடுத்துவிடுகிறார், அது கண்ணுக்குத் தெரிகிறது. கீழ்வீட்டில் நாமே குடியிருக்கிறோம், அதற்கு யாரும் வாடகை தருவதில்லை. அதனால் கீழ்வீடு இலவசம் ஆகிவிடுமா? அதை வெளியே விட்டிருந்தால் வந்திருக்கும் பணத்தை நாம் மாதாமாதம் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். வங்கியில் வாங்கிய பணத்துக்கு மாதம் பிறந்தால் வட்டி போனது, அதைச் செலவு என்று எழுதினோம். நம் சொந்தப் பணம் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை, அதனால் அதற்குச் செலவே இல்லை என்று இருந்துவிட்டோம். மிஞ்சியதை எல்லாம் லாபம் என்று எழுதி, சாத்தூர் சேவும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கித் தெருவுக்கே கொடுத்தோம். உன் பாடப்புத்தகம் மூலதனத்தின் செலவு என்று பெரிய பெயர் வைத்துச் சொல்வது இந்த வாடகையைத்தான். வட்டியும், நம் பணத்தின் வாடகையும், எல்லாம் கழித்த பிறகு ஏதாவது மிஞ்சினால் அதுதான் கம்பெனி உண்டாக்கிய மதிப்பு. நமக்குப் பெரும்பாலான வருடங்களில் அது மிஞ்சவில்லை.

ஒன்றை மட்டும் உன் அப்பாவுக்காகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி தொடங்க நாம் விற்ற கரிசல் காடு நான்குவழிச் சாலை வரும் இடத்தில் இருந்தது உனக்குத் தெரியும். இப்போது அங்கே கல் ஊன்றி மஞ்சள் பெயின்ட் அடித்து பிளாட் போட்டிருக்கிறார்கள். மதுரைக்குப் போகும் பஸ்ஸில் அந்த இடம் வந்தால் அவர் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பார். அந்த நிலம் இன்று என்ன விலை போகிறது என்பதைக் கம்பெனியின் கணக்கில் ஏற்றி அவரைக் குத்தாதே. பணத்துக்கு வாடகை என்பது, போடும் அன்றைக்கு, அதே அளவு ஆபத்துள்ள வேறொரு இடத்தில் என்ன எதிர்பார்த்திருக்கலாம் என்பதுதான். சாலை வரும் என்று அன்று யாருக்கும் தெரியாது, நிலம் வாங்கியவருக்கும் தெரியாது. நீ அப்படிச் செய்யவில்லை, உன் பதினைந்தில் அது இல்லை என்பதைப் பார்த்தேன். அதற்காக உன்னை மெச்சிக்கொண்டேன்.

இனி நான் பென்சிலால் கோடிட்ட இடங்களுக்கு வருகிறேன்.

நீ ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாய், ஆவணி மாதம், சரக்கெல்லாம் லோடு ஏறும் நேரம். எங்கேயோ ஒரு கம்பெனியில் தீ. நம் வேனில் வேலைக்கு வரும் ஒருத்தியின் தங்கை அங்கே வேலை பார்த்தவள். அவள் வீடு திரும்பவில்லை. அக்காக்காரி மறுநாள் வேலைக்கு வந்து ஷெட் வாசலில் உட்கார்ந்தாள். உள்ளே போகவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வெடிமருந்து வாசம் அடிச்சா அவ முடி வாசம் மாதிரி இருக்குக்கா" என்றாள். அதன் பிறகு ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தார்கள், வட்டாரம் முழுக்க ஷெட்டுகளுக்குப் பூட்டு. புரட்டாசி பாதி வரை நாமும் பூட்டிக் கிடந்தோம். தீபாவளிக்குப் பாதிச் சரக்குதான் போய்ச் சேர்ந்தது. அத்தனை நாளும் வங்கி தன் வட்டியை ஒரு நாள் தள்ளி வாங்கவில்லை. வியாபாரிகள் தங்கள் சரக்கைக் கேட்டு வாசலில் நின்றார்கள். நம் பணம் மட்டும்தான் எல்லோருக்கும் வழி விட்டுக் கடைசியில் நின்றது.

கடைசியில் நிற்கும் பணம் கூடுதலாகக் கேட்பது நியாயம் என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். இந்த இடத்தில் நீ ஒரு சாமர்த்தியம் செய்திருக்கிறாய். கடன் பதின்மூன்றுக்குக் கிடைக்கிறது, அதன் வட்டிக்கு வரியிலும் சலுகை, சொந்தப் பணமோ பதினெட்டுக் கேட்கிறது, ஆகவே கடனைக் கூட்டினால் மொத்தப் பணத்தின் செலவு இறங்கும் என்று எழுதியிருக்கிறாய். தாளில் இறங்கும். ஆனால் கடன் கூடக் கூட, கடைசியில் நிற்கும் நம் பணத்துக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். ஒரு ஆவணி பூட்டிக் கிடந்தால் அந்தப் பணம் அப்படியே போய்விடும். அப்போதும் அது அதே பதினெட்டோடு சமாதானமாக இருக்கும் என்று நீ எப்படி எழுதலாம்? அதன் வாடகையும் ஏறத்தான் வேண்டும். உனக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்பாய். அச்சங்குளத்தின் மேல் ஆசை வந்ததும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டாய், அவ்வளவுதான்.

அதே பக்கத்தில் இன்னொன்று. ஆபத்துக்கு என்று நீ கூடுதலாகச் சேர்த்திருக்கும் சதவீதம் பணம் போட்டவர்களுக்குப் போகிறது. மருந்து அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன போகிறது என்று தேடிப் பார்த்தேன். காப்பீடு, ஷெட்டுக்கு ஷெட் இடைவெளி, வெயில் ஏறியதும் வேலையை நிறுத்துவதால் குறையும் உற்பத்தி, எல்லாம் "இதர செலவு" என்ற ஒரே வரியில் கிடக்கின்றன. இரண்டு கம்பெனிகளையும் சேர்த்து நடத்துவதால் மிச்சம் என்று சொல்லி அந்த வரியையும் குறைத்திருக்கிறாய். அதில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறாய், அய்யா? எனக்குக் கோபம் வந்தது, பென்சில் முனை உடைந்துவிட்டது. அதைப் பழைய அளவுக்கே ஏற்றி எழுது. அவர்களுக்குச் சேர வேண்டியதை முதலில் கழித்துவிட்டு, அப்புறம் நம் பதினெட்டைப் பற்றிப் பேசலாம்.

அடுத்தது அட்வான்ஸ். இதில் உன்னைத் திட்ட எனக்கு அருகதை இல்லை, ஏனென்றால் நாங்களும் இதில்தான் விழுந்தோம். சிவகாசிப் பக்கம் கம்பெனி நடத்துகிற எல்லோரும் ஒரு காலத்தில் இதில் விழுந்து எழுந்தவர்கள்தான். தை பிறந்ததும் வெளியூர் வியாபாரிகள் அடுத்த தீபாவளிக்கு ஆர்டர் சொல்லி முன்பணம் கட்டுவார்கள். வெடியுப்பும் அலுமினியப் பவுடரும் அட்டையும் வாங்க அந்தப் பணம் நமக்குக் கைகொடுக்கும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டாம். "வட்டியில்லாப் பணம் வருது பாரு, லட்சுமி நடந்து வர்றா" என்று உன் அப்பா பூரித்துப் போவார். முன்பணம் கட்டியவர்களுக்குச் சரக்கு விலையில் மட்டும் ஒரு கழிவு உண்டு. அது வியாபார மரியாதை என்று இருந்தோம்.

கோவில்பட்டியில் மொத்தக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் நம்மிடம் நிறைய முன்பணம் கட்டுவார். ஒரு வருடம் வங்கி நமக்குக் கடன் வரம்பைக் கூட்டிக் கொடுத்தது. உன் அப்பாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. அண்ணாச்சி தையில் பணப்பையோடு வந்தபோது, "இந்த வருசம் அட்வான்ஸ் வேணாம் அண்ணாச்சி, சரக்கு எடுக்கையில குடுங்க போதும்" என்றார், ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அண்ணாச்சிக்கு முகமே செத்துப்போயிற்று. காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. "அப்படிச் சொல்லிப்புட்டா எப்படி? இந்தப் பணத்த நான் எங்கன கொண்டுபோயிப் போடுவேன்? பேங்குலயா? அவன் எம்புட்டுக் குடுப்பான்?" என்றார். என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் சொல்லுங்க தாயி, வாங்கிக்கிடச் சொல்லுங்க" என்று கெஞ்சினார். பணம் கொடுக்க வந்தவர், வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறார்! எனக்கு அந்த நிமிடமே உறைத்துவிட்டது. அவர் போனதும் கால்குலேட்டரை எடுத்தேன். நூறு ரூபாய்ச் சரக்கை அவருக்கு எண்பத்தெட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். தையில் வாங்கிய எண்பத்தெட்டு ரூபாய்க்கு, ஆவணியில் சரக்கு போகும்வரை ஏழு மாதத்துக்கு, பன்னிரண்டு ரூபாய் விட்டுக்கொடுத்திருக்கிறோம். வருடக் கணக்கில் நூற்றுக்கு இருபத்து மூன்றுக்கு மேல். பதின்மூன்றுக்குக் கொடுக்கும் வங்கிக்காரரை ரத்தம் உறிஞ்சுகிறவர் என்று வைதுகொண்டு, இருபத்து மூன்றுக்குக் கொடுத்தவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதுவும் டிகாஷன் காப்பி.

உன் திட்டத்தில் அச்சங்குளத்துக்கு வேண்டிய பணத்தில் பாதியை வியாபாரிகளின் அட்வான்ஸ் என்று காட்டி, அதன் செலவு பூஜ்யம் என்று எழுதியிருக்கிறாய். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், வட்டியில்லாத பாக்கியைப் போட்ட பணத்திலிருந்து கழித்துவிடு என்று. அது தவறில்லை, விற்பனை வரவை அட்வான்ஸ் விலையில் எழுதியிருந்தால். நீ வரவுப் பக்கத்தில் அத்தனை சரக்கையும் சீசன் விலைக்கு விற்றிருக்கிறாய். ஒரே சரக்குக்கு தையில் அட்வான்ஸும் வாங்கி ஆவணியில் முழு விலையும் வாங்க முடியுமானால், உன் அப்பா இந்நேரம் விமானம் வாங்கியிருப்பார். இந்த ஒரு இடத்தைத் திருத்திப் போட்டுப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் மதிப்புக் கூடும் என்று நீ காட்டியிருக்கும் தொகையில் பாதிக்கு மேல் போய்விட்டது. மீதி இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அச்சங்குளம் மோசமான யோசனை இல்லை.

இவ்வளவும் திருத்தக் கூடிய கணக்குதான், இதற்காக நான் கையெழுத்தை நிறுத்தி வைக்க மாட்டேன். என்னை நிறுத்தியது வேறொரு வரி. செலவுப் பட்டியலில் சம்பளம் என்ற தலைப்பின் கீழே மேற்பார்வையாளர், வாட்ச்மேன், வேன் டிரைவர் என்று ஒவ்வொருவருக்கும் தொகை இருக்கிறது. அவர்களுக்குக் கீழே "அலுவலகம், கணக்கு, வங்கி வேலை – குடும்பம்" என்று எழுதி, தொகை வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறாய். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். குக்கர் சத்தம் போட்டது, எழுந்து போகவில்லை. உன் அப்பாதான் போய் அணைத்தார். அதையே ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உனக்கு நினைவு தெரியும் முன்னால் நான் இங்கே ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தேன். சொல்லியிருக்கிறேன், ஆனால் நீ கதை கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாய். காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புவேன். கவுன்டரில் என் இடம், என் முத்திரை, என் கையெழுத்து. விவசாயிகள் நகைக் கடனுக்கு வந்து நிற்பார்கள், "அந்தம்மாகிட்டப் போ, வெவரமாச் சொல்லும்" என்று என்னைக் கைகாட்டுவார்கள். கம்பெனி தொடங்கியபோது கணக்கு எழுத ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை. உன் அப்பா என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அது உண்மை. "நம்ம கம்பெனிதான" என்றார். நானும் "நம்ம கம்பெனிதான" என்றேன். அன்றைக்கே வங்கியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இருபது வருடம் நாரணாபுரத்தில் அந்தத் தகரக் கூரை ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதினேன், வங்கிக்கு அலைந்தேன், வரி கட்டினேன், வியாபாரிகளிடம் பாக்கி கேட்டுச் சண்டை போட்டேன். எனக்கு அந்த வேலை பிடித்தும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நம் பணமாவது பதினொன்று சம்பாதித்தது. நான் ஒன்றுமே சம்பாதிக்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி நாம் லாபம் என்று கூத்தாடியதில் என் சம்பளம் ஒளிந்திருந்தது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பதினொன்றும் நிற்காது. பணத்துக்கு வாடகை கேட்ட நீ, கெட்டிக்காரப் பிள்ளை, உன் அம்மாவுக்குக் கேட்க மறந்துவிட்டாய். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

என் கதை முடிந்தது. நான் பயப்படுவது அந்தக் கோட்டில் இனி உட்காரப் போகிறவளை நினைத்து. நிச்சயதார்த்தத்தன்று தேன்மொழிக்கு அவள் வேலை பார்க்கும் வங்கியிலிருந்து போன் வந்தது. மதுரைக் கிளையில் ஏதோ ஆடிட். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டப ஓரத்தில் நின்று, எந்த பைல் எந்த அலமாரியில் என்று பார்க்காமலே ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஆசையாக இருந்தது அந்தப் பெண்ணைப் பார்க்க. அவள் திரும்பி வந்ததும் நீ எல்லோர் முன்னாலும், "இன்னும் ரெண்டு மாசந்தான், அப்புறம் இவளுக்கு இந்த டென்ஷன் எல்லாம் கெடையாது, நம்ம கம்பெனிய ஜாலியாப் பாத்துக்கிடலாம்" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். அவள் சிரித்தாள். பதில் சொல்லவில்லை. நீ அந்தச் சிரிப்பைப் பார்த்தாய், பதில் இல்லாததைப் பார்க்கவில்லை. இருபது வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆகவே திட்டத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே, வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கிறது, அது எங்கேயும் ஓடிப்போகாது. நீ அவளிடம் கேள். வருவாயா என்று கேட்காதே, அதற்கு எந்தப் பெண்ணும் கல்யாணத்துக்கு முன் சரி என்றுதான் சொல்வாள். வங்கியில் அவளுக்கு இன்று என்ன சம்பளம், ஐந்து வருடத்தில் என்ன ஆகும், அதை விட்டுவிட்டு வர எவ்வளவு கேட்பாள் என்று கேள். எவ்வளவு கொடுத்தாலும் வர மாட்டேன் என்றால் அதையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டு, வெளியாள் வைத்தால் ஆகும் சம்பளத்தை எழுது. உன் பெயருக்கு நேரேயும் ஒன்றும் எழுதவில்லை, நீ விட்டுவிட்டு வரும் சென்னைச் சம்பளத்தை அங்கே எழுது. எல்லோருக்கும் கொடுத்த பிறகும் ஏதாவது மிஞ்சுகிறதா பார். மிஞ்சினால் வா, அந்தக் கட்டத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வீடு போனாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். மிஞ்சவில்லை என்றால், நீ இப்போது தாளில் காட்டியிருக்கும் மிச்சம் அவள் வாழ்க்கையிலிருந்து எடுத்ததாகத்தான் இருந்திருக்கும். அதற்கு என் வீட்டை நான் ஈடு வைக்க மாட்டேன்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு நாலைந்து நாள் தபாலில் போடாமல் இருந்தேன். இதற்கிடையில் விடுமுறை முடிந்து பூஜை போட்டுக் கம்பெனி திறந்தாயிற்று. உன் அப்பா என்னிடம் கேட்காமலே இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப உனக்கு நான் எம்புட்டுத் தரணும்?" என்றார். "அம்புட்டு வருசத்துக்கும் வட்டி போட்டுப் பாத்தா கம்பெனியே எனக்குத்தான் வரும், எழுதிக் குடுத்துட்டு மாடிக்குக் குடிபோங்க" என்றேன். சிரித்தார். விமானம் வாங்கியிருப்பார் என்று எழுதியதற்கு மட்டும் கொஞ்சம் முறைத்தார்.

நேற்று ஆபீசில் மாதச் சம்பளம் கொடுக்கும் நாள். டிரைவரும் வாட்ச்மேனும் வாங்கிக்கொண்டு போன பிறகு, உன் அப்பா பட்டியலை என் பக்கம் தள்ளினார். வேன் டிரைவர் பெயருக்குக் கீழே அவர் கோழிக்கிறுக்கல் எழுத்தில் என் பெயர். பக்கத்தில் ஒரு தொகை. குறைச்சலான தொகைதான், அதை அப்புறம் பேசிக்கொள்கிறேன். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டித் தயாராக வைத்திருந்தார். "எண்ணிப் பாத்து வாங்கிக்கிடுங்கம்மா" என்றார், வேலையாட்களிடம் சொல்கிற அதே குரலில், என் முகத்தைப் பார்க்காமல். நான் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டேன். இந்த மாதம் நான் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

உன் அம்மா